பத்துக்குப் பத்து அறையில் ஒரு பாட்டு

ஓமந்தூர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு அரசினர் தோட்டம்தான் ஞாபகம் வரும். அந்தத் தோட்டத்துக்குப் பெயர் தந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில், நெல்லும் கரும்பும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளையும் பூமியில் இருக்கிறது. அங்கே மாடியில் ஒற்றை அறை எழுப்பிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அடி. கான்கிரீட் கூரை, சிமெண்டுத் தரை, வழவழவென்று பூசிய சுவர். உள்ளே போய் ஒருமுறை கைதட்டினால், தட்டிய பிறகும் ஓர் அதிர்வு சுவருக்குச் சுவர் ஓடித்தான் அடங்கும். இந்த அறையில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். தமிழ் சினிமா இசையைத் திசை திருப்பிய பாட்டுகளே ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் உருவானவைதாம்.

1989இல் ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அறை தயாராகிவிட்டது, ஏசி மாட்டியாகிவிட்டது, தரைவிரிப்பும் விரித்தாயிற்று. உள்ளே வைக்கக் கருவி வாங்கத்தான் காசில்லை. அம்மா கரீமா பேகம் தன் நகைகளை அடகு வைக்கக் கொடுத்தார், அந்தப் பணத்தில்தான் முதல் ஃபாஸ்டெக்ஸ் ரெக்கார்டர் வந்தது என்று ரகுமானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விளம்பரப் பாட்டுகளில் கை பழகிய அந்த அறை, 1992இல் ‘ரோஜா’வைத் தந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது.

வீட்டு ஸ்டுடியோவின் உண்மையான சொத்து கருவியல்ல, நேரம். பழைய முறையில் கால்ஷீட் போட்டு வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு பெரிய கூடத்தில் உட்காருவார்கள். வயலின் வரிசையில் ஒருவர் வில் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டிலேயே மகத்தான இசை பிறந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘இதை வேறு மாதிரி செய்து பார்த்தால் என்ன’ என்று நடுராத்திரியில் தோன்றுகிற யோசனைக்கு அங்கே இடம் குறைவு. கொல்லைப்புற அறையில் அந்த யோசனைக்குத்தான் முதல் மரியாதை. பாடகரைத் தனியே வரவழைத்து, இரவெல்லாம் பல விதமாகப் பாட வைத்து, பிறகு நிதானமாக எது நின்றது என்று கேட்டுப் பார்க்கலாம்.

அப்படிக் கிடைத்த நேரத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு 1993இல் வந்த ‘திருடா திருடா’ படத்தின் ‘ராசாத்தி’ பாட்டு ஒன்றே போதும். நல்ல ஹெட்ஃபோனில், விளக்கணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய பாட்டு. வாத்தியமே இல்லை. ஷாகுல் ஹமீதின் குரல் நடுவில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. சுற்றிலும் குழுக்குரல்கள். சுருதியைத் தாங்குவதும் அவைதாம், வரிக்கும் வரிக்கும் நடுவே உள்ள இடத்தை நிரப்புவதும் அவைதாம். இத்தனை குரல்களைக் கூட்டினால் சாதாரணமாகச் சந்தைக்கடைதான் மிஞ்சும். இங்கே ஒரு குரல் இன்னொன்றின் காலை மிதிப்பதில்லை. யார் முன்னால், யார் பின்னால், யார் இடப்பக்கம், யார் எப்போது ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் ஒலிக்கலவையில் தீர்மானமாகியிருக்கிறது. மிக்ஸிங் என்ற வேலையை யாருக்காவது புரிய வைக்க வேண்டுமானால் இந்தப் பாட்டைத்தான் முதலில் போட்டுக்காட்ட வேண்டும்.

ரகுமானின் ஒலிப் பொறியாளர் எச். ஸ்ரீதரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்று நான்கு படங்களுக்கு ஒலிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கியவர். 2008 டிசம்பரில் காலமானார். கேசட் காலத்து ரசிகர்கள் பலருக்கு அவர் பெயர் தெரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ரகுமானின் கேசட் உறைகளில் புல்லாங்குழல் யார், கிட்டார் யார், ஒலிப்பதிவு யார் என்று பெயர்கள் அச்சாகும். அதுவரை திரைமறைவில் இருந்தவர்கள் மடித்த அட்டையில் பொடி எழுத்தில் வெளியே வந்தார்கள்.

இனி ஓமந்தூர் அறைக்குத் திரும்பலாம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கூத்து இன்றும் உயிரோடு இருக்கும் மண். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்க்கோயில். அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். ஆகவே நம் அறைக்குப் பொருத்தமான விருந்தாளிகள் ஒரு கூத்து வாத்தியார், பெட்டி (ஆர்மோனியம்) வாசிப்பவர், மத்தளக்காரர், முகவீணைக்காரர். முகவீணை என்பது நாகஸ்வரத்தின் தம்பி. உருவம் சின்னது, சத்தம் கிண்ணென்று இருக்கும்.

முதல் வேலை அறையை அடக்குவது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது ஊரெங்கும் உள்ள பழக்கம். அது கீச்சொலியைக் கொஞ்சம் குறைக்கும், அடித்தொனியை ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால் ஆபத்து வேறு. அதைவிட இலவம்பஞ்சு மெத்தை பல மடங்கு மேல். அந்த மெத்தையை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக் பார்ப்பது பாடுகிறவர் முகத்தை. எனவே அவர் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவர்தான் மைக்குக்கு நேராகத் தெரியும் சுவர். மெத்தை அங்கே வேண்டும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தாலும் உதவும். அறுவடை முடிந்து மல்லாட்டை மூட்டைகளை ஓரமாக அடுக்கிய அறை, காலியான அறையைப்போல் ஒருநாளும் கணகணக்காது.

அடித்தொனி இன்னொரு தலைவலி. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஓசை சிக்கிக்கொண்டு சுழலும். நீளமும் அகலமும் ஒன்றேயானால் இரண்டு பக்கச் சுவர்களும் அந்த ஒரே ஓசையைத் தூக்கிக்கொடுக்கும். மூலையில் நின்றால் அது பொங்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். மிக்ஸிங் செய்கிறவர் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடித்தொனி போதவில்லையென்று ஏற்றிக்கொண்டே போவார். வெளியே காரில் போட்டால் கதவு அதிரும். நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துவதற்குக் காசு ஆகாது.

அடுத்து மைக். சினிமாப் பாடகரை ஒரு சாண் தூரத்தில் நிறுத்துவார்கள். மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய கூத்துக் குரலை அப்படி நிறுத்தினால் பதிவு பிளந்துவிடும். இரண்டு முழமாவது தள்ளி நிறுத்தி, கெயினைக் குறைத்து, ஒலி அளவு மானியின் உச்சிக்குப் பத்து டெசிபல் கீழேயே விட்டுவிட வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தால் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தோல் உள்ளே அமுங்கும்போது, உள்ளிருக்கும் காற்று மறு தோலை வெளியே தள்ளும். இரண்டு மைக்கும் ஒன்றுக்கொன்று எதிராகப் பதிவு செய்யும், சேர்த்துக் கேட்டால் வயிறு ஒட்டிய சத்தம் வரும். மென்பொருளில் ஒரு பக்கத்தின் துருவத்தைத் திருப்பும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பெரும்பாலும் மத்தளத்துக்கு மறுபடி வயிறு வந்துவிடும். கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கலவைக்கு உட்கார்ந்ததும் முதல் சண்டை பெட்டிக்கும் குரலுக்கும். இரண்டும் ஒரே தெருவில் குடியிருப்பவை. குரல் அமுங்குகிறதே என்று குரலின் ஃபேடரை ஏற்றுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதைத் தொடாமல், பெட்டியில் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். சொற்கள் தாமாக முன்னே வந்து நிற்கும். நல்ல ஒலிக்கலவையில் பாதிக்கு மேல் இப்படிக் குறைக்கும் வேலைதான்.

ரிவெர்ப் விஷயத்தில் ஒரு கண்டிப்பு தேவை. நாட்டார் பாட்டென்றாலே மலைக்குகையில் பாடுவதைப்போல எதிரொலி சேர்ப்பது இன்று பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அது தப்பு. கூத்து நடப்பது வெட்டவெளியில். எதிரொலிக்க அங்கே சுவர் ஏது? வறண்ட, நேரான, உடனே அடங்கிவிடும் ஒலிதான் கூத்துக்களத்தின் ஒலி. மெத்தை மாட்டி அடக்கிய மாடி அறை, பெரிய ஸ்டுடியோவின் உயர்ந்த கூடத்தைவிட அந்தக் களத்துக்கு நெருக்கம்.

அடக்கிய அறையின் பதிவு அரைகுறையாகத் தோன்றுமோ என்ற பயத்துக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. 1982 ஜனவரியில் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தன் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து, கேசட்டில் நான்கு ட்ராக் பதியும் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோவில் சில பாட்டுகளைப் பாடி வைத்தார். பிறகு தன் குழுவோடு ஸ்டுடியோவில் அவற்றை முறையாக வாசித்துப் பார்த்தார். சத்தம் சுத்தமாக இருந்தது, பாட்டு செத்துவிட்டது. கடைசியில் அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்தது. நாடாவின் இரைச்சலும் அதில் அப்படியே இருக்கிறது. இன்றும் அவருடைய ஆகச்சிறந்த படைப்புகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

நான்கு ட்ராக்கில் அவர் செய்ததை இன்று ஒரு பழைய மடிக்கணினியில், எத்தனை ட்ராக் வேண்டுமானாலும் வைத்துச் செய்யலாம். ஆடாசிட்டி போன்ற மென்பொருளுக்குப் பணமே வேண்டாம். மின்விசிறியை நிறுத்த வேண்டும், பம்புசெட் ஓடாத நேரம் பார்க்க வேண்டும், ஆடி மாத ஒலிபெருக்கி ஓயக் காத்திருக்க வேண்டும். முடித்த கலவையை டவுன் பஸ்ஸில் தொங்கும் ஸ்பீக்கரிலும் மலிவான செல்போனிலும் போட்டுக் கேட்க வேண்டும். அங்கே வாத்தியாரின் சொல் தெளிவாகக் கேட்டால் வேலை முடிந்தது.

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் மைக்கும் மடிக்கணினியும் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூத்து முடிந்த மறுநாள், தூங்கி எழுந்த வாத்தியாரையும் அவர் ஆட்களையும் வீட்டுக்கு அழையுங்கள். சாப்பாடு போடுங்கள், கூலி கொடுங்கள், அவசரப்படுத்தாமல் பாட விடுங்கள். பாட்டை வெளியிடும்போது பாடியவர், பெட்டிக்காரர், மத்தளக்காரர், முகவீணைக்காரர் என்று நால்வர் பெயரையும் அவர்கள் ஊரையும் சேர்த்துப் போடுங்கள்.