திருந்தினான் என்று எழுதினால் போதுமா?

சிறுகதையில் மனமாற்றம்

சிறுகதை எழுதப் புகும் இளைஞர் பலருக்கும் முதலில் கைக்கு எட்டும் கரு மனமாற்றமே. குடிகாரன் குடியை விடுகிறான். கொடுமைக்கார மாமியார் மருமகளை மகளாக ஏற்கிறாள். ஊதாரி மகன் தந்தையின் காலில் விழுகிறான். தீபாவளி மலரையோ பொங்கல் மலரையோ புரட்டினால் இத்தகைய கதைகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அவையே எதிரே வந்து நிற்கும். இதில் வியப்பும் இல்லை, குற்றமும் இல்லை. மனிதன் மாறக்கூடியவன் என்னும் நம்பிக்கை இல்லாவிட்டால் பள்ளிக்கூடமும் வேண்டுவதில்லை, இலக்கியமும் வேண்டுவதில்லை.

ஆயினும், மாறினான் என்று அறிவிப்பது வேறு. மாற்றத்தைக் காட்டுவது வேறு. ஒரே கருவை எடுத்துக்கொண்ட கதைகளுள் சில படித்த மறுநாளே மறந்துபோகின்றன. சில தலைமுறை கடந்தும் நிற்கின்றன. காரணம் யாது? நடையழகு என்பர் சிலர். உணர்ச்சி என்பர் சிலர். இரண்டும் துணைக் காரணங்களே. முதற் காரணத்தை ஒரே சொல்லில் கூறிவிடலாம்: விலை. மாறுகிறவன் அந்த மாற்றத்திற்காக எதை இழக்கிறான் என்பதைக் காட்டும் கதை நிற்கிறது. எதையும் இழக்காமல் திருந்துகிறவனின் கதை நிற்பதில்லை.

பாண்டியன் கொடுத்த விலை

சிறுகதையில் இடம் குறைவு; ஆகவே மாற்றத்தைப் படிப்படியாகக் காட்ட இயலாது என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. இதற்கு விடை சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. வழக்குரை காதையில் பாண்டியன் மனம் மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறிக்கும் நேரம்தான். தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவனே சொல்லியிருக்கிறான். அடுத்த கணமே தன் நீதி தவறியதை உணர்கிறான். உணர்ந்தவன் வருந்துவதாகச் சொல்லிவிட்டு அரியணையில் சாய்ந்துகொள்ளவில்லை; உயிரையே கொடுத்துவிடுகிறான்.

நொடிப்பொழுதில் நேர்ந்த அந்த மாற்றத்தை எவரும் ஐயுறுவதில்லை. ஏனெனில் விலை முழுமையாகச் செலுத்தப்பட்டுவிட்டது. ஆகவே குறை இடத்தில் இல்லை. மாற்றத்தைத் தாங்குவது பக்கங்களின் எண்ணிக்கை அன்று, பாத்திரத்தின் இழப்பேயாகும்.

ஒரு தாய், இரண்டு முடிவுகள்

இக்காலச் சிறுகதையில் இதற்குத் தக்க சான்று ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. 1966-ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிய கதை அது. மழையில் பேருந்துக்காக நிற்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவன் ஆசைக்கு ஆளாகி வீடு திரும்புகிறாள். நடந்ததைத் தாயிடம் சொல்கிறாள்.

கதை அந்தப் பெண்ணைப் பற்றியது என்றே பலரும் எண்ணினர். ஒழுக்கம், கற்பு என்று அவளை வைத்தே வாதிட்டனர். ஊன்றிப் படித்தால், கதைக்குள் மாறுகிறவள் தாய் என்பது விளங்கும். செய்தியைக் கேட்டதும் அவள் அலறுகிறாள், மகளை அடிக்கிறாள். பல குடித்தனங்கள் உள்ள வீடு. என்னவென்று கேட்கப் பிறர் வருகின்றனர். அந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. மழையில் நனைந்து வந்ததற்காகக் கண்டித்ததாகத் தாய் பொய் சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறாள். பின்னர் மகளின் தலையில் குடம் குடமாக நீர் வார்த்து, அவள் தூய்மையானவளே என்று தேற்றுகிறாள்.

இம்மாற்றத்திற்குத் தாய் கொடுத்த விலை என்ன? அவள் ஆசாரத்தில் ஊறியவள், கைம்பெண். அயலாரின் மதிப்பே அவளுக்கு இருந்த ஒரே செல்வம். அந்த மதிப்புக்கு அடிப்படையான நம்பிக்கையையே அவள் ஒரு குடம் நீரோடு கீழே விடுகிறாள். இனி வாழ்நாள் முழுவதும் இந்த இரகசியத்தைச் சுமக்க வேண்டும். இத்தனையும் ஆசிரியரின் விளக்கவுரையாக வரவில்லை; ஒரு பொய்யாகவும் ஒரு குளியலாகவும் வருகின்றது.

இத்துடன் நில்லாமல், ஜெயகாந்தன் பின்னர் மற்றொன்றும் செய்தார். அந்தத் தாய் மனம் மாறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் வினாவுக்கு விடையாக ஒரு நாவலையே எழுதினார். அதுவே 1972-ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதமிப் பரிசைப் பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதில் தாயின் அலறல் ஊருக்குக் கேட்டுவிடுகிறது. தமையன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். பல ஆண்டுகளுக்குப் பிறகும் கங்கா அந்த ஒரு மாலையிலிருந்து மீள முடியாமல் தவிக்கிறாள்.

எழுதப் பழகுவோர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஒருத்தி சில நிமிடங்களில் மாறினாள். சில பக்கங்களில் கதை முடிந்தது. அவளே மாறாதபோது அந்தச் சுமையைச் சொல்ல ஒரு நாவல் தேவைப்பட்டது. தாய் செலுத்தாத விலையை மகள் தன் வாழ்நாளால் செலுத்துகிறாள். மனமாற்றம் என்பது எத்துணைப் பெரிய நிகழ்ச்சி என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் அரிது.

மாறாமையும் ஒரு கதை

மாற்றக் கதை என்றால் மாற்றம் நிகழ்ந்தே தீர வேண்டுமா? வேண்டுவதில்லை என்கிறது புதுமைப்பித்தனின் ‘மனித யந்திரம்’. மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு கடைக் குமாஸ்தா. பிறருடைய வரவு செலவை எழுதி எழுதியே மூப்படைந்தவர். ஒருநாள் கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட எண்ணுகிறார். இரயிலிலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போகவில்லை. இறங்கித் திரும்பி வருகிறார். பணத்தைப் பெட்டியில் வைக்கிறார். இடையில் செலவான சில்லறைக் காசைத் தம் பெயரில் பற்று எழுதுகிறார்.

சாதாரண எழுத்தாளர் கையில் இக்கரு எப்படி முடிந்திருக்கும்? ‘நேர்மையே சிறந்தது என்பதை உணர்ந்தார்’ என்று முடிந்திருக்கும். புதுமைப்பித்தன் அப்படி முடிக்கவில்லை. பிள்ளை திரும்பியது நேர்மையாலா, அச்சத்தாலா, வெறும் பழக்கத்தாலா என்பதைப் படிப்பவர் முடிவுக்கே விட்டுவிடுகிறார். விடுதலைக்குரிய விலை அந்த மனிதரின் கையில் இருந்தது. அதைச் செலுத்தும் துணிவு இல்லை. ஏட்டில் எழுதப்பட்ட அந்தச் சில்லறைப் பற்று, பக்கம் பக்கமான புலம்பலைவிடக் கூர்மையாக நெஞ்சில் பாய்கிறது.

அதே ஆசிரியரின் ‘சாபவிமோசனம்’ வேறொரு வழியைக் காட்டுகிறது. கல்லாய்க் கிடந்த அகலிகை பெண்ணாகிறாள். கோதமனும் பழைய சினத்தைக் கடந்து அவளை அன்போடு நடத்துகிறான். ஒருவர் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருப்பர். ஆனால், தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்பதைச் சீதையின் வாயாலேயே அகலிகை கேட்கிறாள். அவளால் தாங்க முடியவில்லை, மீண்டும் கல்லாகிறாள். மனிதனின் மாற்றம் அவன் ஒருவனோடு நிற்பதன்று. சுற்றியுள்ள உலகமும் சிறிதேனும் நகர வேண்டும் என்பதே இதன் கருத்து.

ஒரு வரியில் உணர்ந்த பிழை

விலை என்றதும் உயிர், மானம், வாழ்வு என்று பெரியவற்றையே கருத வேண்டா. அது மிகச் சிறியதாகவும் இருக்கலாம். இதற்குச் சான்று கூறக்கூடிய எழுத்தாளர் மலாயாவிலேயே சில ஆண்டுகள் வாழ்ந்தவர், கு. அழகிரிசாமி. 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தி இந்நாட்டு இளைஞர்களைச் சிறுகதையின் பக்கம் இழுத்தனர். அதன்பின் 1952-ஆம் ஆண்டில் அதே நாளிதழில் பணியாற்றக் கோலாலம்பூருக்கு வந்த அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்து எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய உரையாடல் வளர்த்தார். தமிழ் நேசன் 2019-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது; அவர் ஊன்றிய வித்து நிற்கவில்லை.

அவருடைய ‘அன்பளிப்பு’ கதையில் பிள்ளைகளிடம் அன்பு மிக்க ஒருவர் இரு குழந்தைகளுக்கு மட்டும் நாட்குறிப்பு ஏடுகளைப் பரிசளிக்கிறார். சாரங்கன் என்னும் சிறுவனை அவர் கருதவில்லை. பின்னொரு நாள் அச்சிறுவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசரிக்கிறான். தானே தேடிக்கொண்ட ஓர் ஏட்டை நீட்டி, அவர் அன்பளிப்பாகத் தந்ததாக எழுதித் தருமாறு கேட்கிறான். அவரும் எழுதுகிறார். கதை முடிகிறது.

அவர் மனம் மாறினாரா? கதை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை எழுதும் கை, முன்பு இருந்த கை அன்று என்பதைப் படிப்பவர் அறிவர். எல்லாருக்கும் வேண்டியவர் என்று தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தை அவர் அங்கே இழக்கிறார். வகுப்பில் முன்வரிசைப் பிள்ளைகளையே பார்த்துப் பாடம் சொல்லும் ஆசிரியர் எவரும் இக்கதையைப் படித்தபின் பின்வரிசையைப் பாராமல் இருக்க முடியாது.

தோட்டத்துக் கதைக்கு வருவோம்

இவ்வளவும் பெரிய எழுத்தாளர்களின் வழி. இனி நம் நாட்டுக் கதைகளில் அடிக்கடி வரும் ஒரு கருவை எடுத்துப் பார்க்கலாம். பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவன். சம்பள நாளன்று கள்ளுக்கடைக்குப் போகிறவன். மகள் படிப்பில் சூட்டிகை; பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். அவன் குடித்துவிட்டு வருகிறான். மகள் அழுகிறாள், மயங்கி விழுகிறாள். அவன் போத்தலை உடைத்து, ‘இனிமேல் தொடமாட்டேன்’ என்று சத்தியம் செய்கிறான். முற்றும்.

இதில் அவன் இழந்தது ஒரு போத்தல் மட்டுமே. குடி அவனுக்கு என்னவாக இருந்தது என்பதைக் கதை கேட்கவேயில்லை. விடியலுக்கு முன் பிரட்டுக்கு எழும் உடல், ஓயாத முதுகு வலி, கிராணியின் ஏச்சு, நாள் முழுவதும் தலை குனிந்தவன் மாலையில் நான்கு பேருக்கு நடுவே தலை நிமிர்ந்து பேசக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கடை. அதை விடுவது என்றால் அந்த நண்பர்களையும் அந்தப் பேச்சையும் விடுவதாகும். அங்கேதான் விலை இருக்கிறது. கதையும் அங்கேதான் இருக்கிறது.

அதே கருவை இப்படி அமைத்தால் என்ன? சம்பள நாள். அவன் கள்ளுக்கடையைத் தாண்டி நடக்கிறான். கூட்டாளிகள் கூப்பிடுகின்றனர், கேலி செய்கின்றனர். மளிகைக் கடையில் பற்றுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லிப் பாதிக் கடனை அடைக்கிறான். கடைக்காரர் அவனை ஐயத்தோடு பார்க்கிறார். வீட்டுக்கு வந்து மிச்சப் பணத்தை மகளிடம் கொடுக்கிறான். அவள் நன்றி சொல்லவில்லை. இரண்டு முறை எண்ணிப் பார்க்கிறாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இரவு அவனுக்குக் கை நடுங்குகிறது. மகள் பார்த்துவிடக் கூடாதென்று கையைப் போர்வைக்குள் ஒளிக்கிறான். அவ்வளவே. அடுத்த மாதமும் அவன் தாண்டிப் போவானா? தெரியாது. ஆனால் ஒரு சம்பள நாள் அவன் தாண்டிப் போனான் என்பது உண்மை. அந்த உண்மையைப் படிப்பவர் நம்புவர். அவனுக்காக அஞ்சவும் செய்வர்.

பொய்யான திருத்தத்தின் தீமை

கதைதானே, நல்லது நடப்பதாக எழுதினால் என்ன குறை என்று கேட்கலாம். குறை உண்டு. அத்தகைய கதையைப் படிப்பவர்களுள் உண்மையிலேயே குடிகாரத் தந்தைக்குப் பிறந்த ஒரு சிறுமியும் இருப்பாள். கதையில் வரும் பெண் ஒரு முறை அழுகிறாள், தந்தை திருந்திவிடுகிறான். இவளோ பல முறை அழுதிருக்கிறாள், எதுவும் மாறவில்லை. அப்படியானால் தன் கண்ணீரில்தான் ஏதோ குறை என்று அவள் எண்ணமாட்டாளா? எளிதான திருத்தத்தைக் காட்டும் கதை, துன்பப்படுகிறவர் தலையிலேயே பழியை ஏற்றிவிடுகிறது. நன்னெறி புகட்ட எழுதிய கதை, புகட்ட வேண்டாத ஒன்றைப் புகட்டிவிடுகிறது.

மாறாக, மாற்றம் கடினமானது, விலை உள்ளது, தளர்ந்து மீண்டும் எழுவது என்று காட்டும் கதை அச்சிறுமிக்கு உண்மையைச் சொல்கிறது. தந்தை மாறாதது அவள் குற்றமன்று என்று சொல்கிறது. மாற முயல்கிறவன் படும் பாட்டையும் அவளுக்குப் புரியவைக்கிறது. இலக்கியம் செய்யக்கூடிய தொண்டு இதனினும் பெரிது எது?

ஆகவே, மனமாற்றக் கதை எழுதப் புகுவோர் எழுதுகோலை எடுக்குமுன் தம்மையே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்வது நலம். இக்கதையில் உண்மையில் மாறுகிறவர் யார்? அவர் எதை இழந்து மாறுகிறார்? அந்த இழப்பு எந்தச் செயலில் தெரிகிறது? மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் ‘திருந்தினான்’ என்னும் சொல்லையே கதையிலிருந்து எடுத்துவிடலாம். அதை எழுதுகிறவர் சொல்ல வேண்டியதில்லை; படித்து முடித்தவரே சொல்லிக்கொள்வார்.