அடுத்தவர் யார் என்பது இரண்டாவது கேள்வி

தொண்டு நிறுவனங்களில் தலைமை மாற்றம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அறிவுரையைத்தான் சொல்றாங்க. அடுத்தவரை முன்கூட்டியே அடையாளம் காணுங்கள், பழக்குங்கள், தேதி குறியுங்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வங்கதேசத்தின் இரண்டு அமைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த அறிவுரையில் இருக்கிற ஓட்டை தெரியும்.

முதலில் கிராமீன் வங்கி. சட்டப்படி அது வங்கிதான், தொண்டு நிறுவனம் அல்ல. ஆனால் ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்டது. கடன் வாங்கிய பெண்களே அதில் பெரும்பான்மைப் பங்குதாரர்கள். நிறுவனரின் முகமே அமைப்பின் முகம். நம் கேள்விக்கு இது போதும். 1983-இல் அது வங்கியானதிலிருந்து முகமது யூனுஸ்தான் மேலாண்மை இயக்குநர். ஓய்வு வயது 60. அவருக்கு 2000-இல் 60 ஆனது. அந்த வரம்பு அவருக்கு மட்டும் வேண்டாம் என்று இயக்குநர் குழு அதற்கு முன்பே முடிவெடுத்திருந்தது. 2006-இல் நோபல் பரிசு வந்தது. 2011 மார்ச்சில், அவருடைய 70-வது வயதில், மத்திய வங்கி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. வயதையும், முன் அனுமதி பெறாமல் நடந்த மறுநியமனத்தையும் காரணமாகச் சொன்னது. நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. மே மாதம் விலகினார்.

அரசியல் பழிவாங்கல் என்று சொல்லி இதைப் பலரும் முடித்துவிடுகிறார்கள். அது தப்பில்லை. 2007-இல் அவர் கட்சி தொடங்க முயன்றதற்கான பதிலடி இது என்பதுதான் பரவலான கருத்து. ஆனால் பழிவாங்க நினைத்தவர்கள் கையில் ஆயுதம் கிடைத்தது எப்படி? ஒரே ஒருவருக்காக விதியைத் தளர்த்தியதால்தான். இயக்குநர் குழுவில் 9 இடங்கள் கடன் வாங்கிய பெண்களுக்கு. அவர்கள் யூனுஸ் பக்கம் நின்றார்கள், வழக்கும் போட்டார்கள். நெகிழ்ச்சியான விஷயம்தான். ஆனா, நிறுவனருக்காக நீதிமன்றப் படியேறிய அதே குழு, அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் அவருக்கு அடுத்து ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடன் வாங்கியிருந்த வங்கி அது. அடுத்த தலைவரைப் பற்றிய பேச்சு, அரசு கதவைத் தட்டிய பிறகுதான் அவசரமானது.

இன்னொன்று பிராக். 1972-இல் ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கியது. 2001-இல், 65 வயதில், அவர் நிர்வாக இயக்குநர் பதவியை விட்டார். தலைவராக மட்டும் தொடர்ந்தார். அடுத்த 18 ஆண்டுகளில் நிர்வாக இயக்குநர்கள் மாறி மாறி வந்தார்கள். அவர்களில் ஒருவர் முன்னாள் அரசு அதிகாரி, ஒருவர் பொருளாதார ஆய்வாளர். 2019 ஆகஸ்டில், 83 வயதில், தலைவர் பதவியையும் விட்டார். வங்கதேசப் பிரிவுக்கு ஹுசைன் ஜில்லுர் ரஹ்மான், பன்னாட்டுப் பிரிவுக்கு அமீரா ஹக் என்று அந்தப் பொறுப்பு இரண்டாகப் பிரிந்தது. டிசம்பர் 20 அன்று அவர் இறந்தார். சில மாதங்களில் கொரோனா வந்தது. பிராக் நின்றுவிடவில்லை.

பிராக்கைப் புகழ்கிறவர்கள் 2019-ஐத்தான் சொல்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் எனக்கு இரண்டு நெருடல் உண்டு. நிறுவனர் 18 வருஷம் தலைவராக மேலே உட்கார்ந்திருக்கும்போது, கீழே இருந்த நிர்வாக இயக்குநருக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும்? இது ஒன்று. ஆபெத்தின் மகன் பின்னாளில் பன்னாட்டுப் பிரிவின் நிர்வாக இயக்குநர் ஆனார். தகுதி இருக்கலாம், ஆனாலும் கேள்வி கேட்க இடமுண்டு. இது இரண்டாவது.

இதையெல்லாம் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பதவியில் ஆள் மாறுவது பிராக்கில் வழக்கமான நிகழ்வாகிவிட்டது. புது நிர்வாக இயக்குநர் தடுமாறினால் சரிசெய்ய நிறுவனர் உயிரோடு இருந்தார். அதனால் 2019-இல் நடந்தது முதல் மாற்றம் அல்ல, கடைசி மாற்றம். பணமும் முக்கியம். 1978-இல் தொடங்கிய ஆடோங் கைவினைக் கடைகள், சிறுகடன் என்று பிராக்குக்குச் சொந்த வருமானம் இருந்தது. நன்கொடையாளர்கள் பெரும்பாலும் அமைப்பை நம்பித் தருவதில்லை, ஒரு மனிதரை நம்பித் தருகிறார்கள். அந்த மனிதர் போனால் காசும் போகும் என்ற பயம்தான் பல குழுக்களை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறது. பிராக்குக்கு அந்தப் பயம் குறைவு.

ஆகவே ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டும்போது "அடுத்தவர் யார்?" என்று நான் முதலில் தேடுவதில்லை. நிறுவனருக்காக மட்டும் எந்த விதி தளர்த்தப்பட்டிருக்கிறது? அவர் கையெழுத்து இல்லாமல் எவ்வளவு செலவு செய்யலாம்? போன வருஷம் குழு அவர் சொன்ன எதையாவது மறுத்ததா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில், வாரிசு பெயர் எழுதிய உறை பீரோவில் பத்திரமாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்த உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் பெயரை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பழகிய ஆட்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.