எண்ணெயும் திராட்சை மதுவும்

கரையான்சாவடியிலுள்ள இளைஞர் இருவர், கோடை விடுமுறையில் கொல்கத்தா சென்று, காளிகாட் பகுதியிலுள்ள 'நிர்மல் ஹிருதய்' இல்லத்தில் தொண்டு புரிய விரும்பி நம்மிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டனர். மகிழ்ந்தோம். பூந்தமல்லிக் குருமடத்தில் பயின்ற நாள்களில் நம்மைக் கவர்ந்த நூலொன்றை அவர்களிடம் கொடுக்க எண்ணி எடுத்துப் புரட்டினோம். மால்கம் மக்கரிட்ஜ் 1971இல் வெளியிட்ட 'சம்திங் பியூட்டிஃபுல் ஃபார் காட்' என்பதே அந்நூல்.

அதன் பெருமையை மறுப்பதற்கில்லை. காளி கோயிலை ஒட்டிய யாத்திரிகர் விடுதியில் 1952இல் தொடங்கப்பெற்ற அவ்வில்லத்தை மேலைநாட்டார் அறிந்ததும், கடல் கடந்து தொண்டர்கள் வரத் தொடங்கியதும் பெரிதும் இந்நூலாலும், அதற்கு முந்திய பிபிசி திரைப்படத்தாலுமே. இருண்ட கூடத்தில் எடுத்த காட்சிகள் ஒளியுடன் பதிவானதை மக்கரிட்ஜ் அற்புதமென்றார். ஒளிப்பதிவாளரோ அது புதிய கோடாக் படச்சுருளின் திறன் என்றார். அவ்வழக்கு நமக்குப் பெரிதன்று. இம்முறை நம்மை உறுத்தியது வேறு. நூலாசிரியரின் கண் அன்னையின் முகத்தை விட்டு அகலவேயில்லை. படுக்கையில் கிடப்போர் அம்முகத்திற்குப் பின்னணியாகவே அமைந்துவிடுகின்றனர்.

'லான்செட்' மருத்துவ இதழின் அன்றைய ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், அவ்வில்லத்தைக் கண்டு 1994இல் குறுங்கட்டுரையொன்று வரைந்தார். அன்னையைத் தூற்றுவோர் பேச்சென்று, அக்காலத்தில் நாம் அதைப் படியாமலே ஒதுக்கினோம். அது நம் பிழை. எவர்க்கும் திறந்த கதவு, தூய்மை, புண்களைப் பேணும் முறை, கனிவு ஆகிய அனைத்தையும் அவர் பாராட்டுகிறார். பின்னர் ஓர் இளைஞனைக் காட்டுகிறார். கடுங்காய்ச்சல். அவனுக்கு டெட்ராசைக்ளினும் பாராசிட்டமாலும் கொடுக்கப்பட்டிருந்தன. பிறகு வந்த மருத்துவர் மலேரியாவாக இருக்கலாமென்று குளோரோகுயினாக மாற்றினார். ஒரு துளி இரத்தத்தை முன்பே யாரேனும் சோதித்துப் பார்த்திருக்கலாகாதா என்பதே ஃபாக்ஸின் கேள்வி. மருத்துவர் இல்லாத வேளையில் அருட்சகோதரியரும் தொண்டர்களும் தமக்குத் தெரிந்த அளவில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வலுவான வலிநீக்கி மருந்துகளும் அங்கில்லை.

ஃபாக்ஸின் கட்டுரையிலும் குறையுண்டு. மார்ஃபின் கிடைக்காமை அவ்வில்லத்தின் குறை மட்டுமன்று, இந்திய நாட்டின் குறை என்று வேறு மருத்துவர்கள் அதே இதழில் மறுமொழி எழுதினர். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் புற்றுநோயாளரின் மருந்தையும் சேர்த்தே முடக்கியிருந்தது. 2014இல்தான் அது திருத்தப்பட்டது. ஆயினும் இவ்விரு எழுத்துகளுள் பிறரன்பு மிகுந்தது எதுவெனக் கேட்டால், சற்றுத் தயங்கியே, ஃபாக்ஸின் கட்டுரை என்போம். அதில்தான் நோயாளி ஒருவனை அவனுடைய காய்ச்சலோடு சந்திக்கிறோம். (இது 1994இன் காட்சி; இன்றைய இல்லத்தின் மீது தீர்ப்பன்று.)

இறைவேண்டலும் மருத்துவ அறிவும் பகையென்று எண்ணுவோர்க்கு, 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸை நினைவூட்டலாம். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையுடைய அவர், செவிலியராயிருந்து, இறக்கும் தறுவாயிலுள்ளோரின் வலியைத் தணிப்பதற்கென்றே மருத்துவம் பயின்றவர்.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். அவர் பரிவு கொண்டார் என்பதிலேயே நின்றுவிடுவோம். காயத்தில் அவர் வார்த்த எண்ணெயும் திராட்சை மதுவும் அக்கால மருத்துவம் என்பதை விரைந்து கடந்துவிடுவோம். மறுநாள் தாம் புறப்பட வேண்டியவர் என்பதை அறிந்து, சாவடிப் பொறுப்பாளரிடம் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றார். தொண்டர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளில் நாம் தேடிக் காணாதது இந்த மறுநாளைத்தான். தம் உள்ளம் மாறியதை எழுதுகிறார்கள். தாம் விட்டுவந்த படுக்கையில் இருந்தவர் என்னவானார் என்று எழுதுவோர் அரியர்.

இளைஞர்க்கு நூலையும் கட்டுரையையும் சேர்த்தே கொடுத்தோம். கடிதமும் எழுதினோம்: இருவரும் நற்பண்பினர், துணி துவைப்பர், உணவூட்டுவர், மருந்து கொடுக்கவோ ஊசி போடவோ பயிற்சியில்லாதவர்கள், மூன்று வாரமே தங்குவர்.

"பயிற்சியில்லைங்கிற வரியை மட்டும் எடுத்துடலாமா, ஃபாதர்?" என்றார் ஒருவர்.

எடுக்கவில்லை.