அரசியல் உளவியலும் வன்னியின் மௌனமும்

அதிகாரத்தின் முன்னிலையில் மனித மனம் எங்ஙனம் இயங்குகின்றது என்பதை ஆராயுந் துறையே அரசியல் உளவியலாகும். 1930 இல் ஹரல்ட் லாஸ்வெல் என்னும் அமெரிக்க அறிஞர், அரசியலில் ஈடுபட்டோரின் மனத்தை உளமருத்துவக் கண்கொண்டு நோக்கி ஒரு நூல் செய்தார். மருத்துவம் சார்ந்த அந்நோக்கு இத்துறையை இன்னும் முற்றாக விட்டு நீங்கவில்லை. முதுமாணிப் பட்டத்துக்கு இதனைப் பயில விழையும் நம் மாணவர் அந்நோக்கின் பயனையும் எல்லையையும் ஒருங்கே அறிதல் வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே தக்க சான்றாக அமைவன, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் ஆங்கிலத்தில் எழுதிய இரு நூல்கள். 1998 இல் வெளிவந்த 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' போரினால் வடுப்பட்ட உள்ளங்களை ஆராய்ந்தது. 2014 இல் வெளிவந்த 'ஸ்கார்ட் கம்யூனிற்றீஸ்' வடுப்பட்ட சமூகத்தை ஆராய்ந்தது. தனிமனிதனிலிருந்து குடும்பத்துக்கும் ஊருக்கும் பார்வையை விரித்தமையே பின்னைய நூலின் தலையாய சிறப்பு. உறவும் ஊரும் சிதைந்தவிடத்து ஒருவருக்கு மட்டும் மருந்தளித்தல் போதாது என்பதை ஆசிரியர் நன்கு உணர்த்துகின்றார்.

எனினும் ஓரிடத்து அவரோடு முற்றும் உடன்படுதல் இயலவில்லை. நம்பிக்கையின்மை, ஐயம், மௌனம், செயலின்மை முதலியவற்றை அவர் கூட்டு மனவடுவின் விளைவுகளாக நிரைப்படுத்துகின்றார். அவை அங்ஙனமாதலும் உண்மையே, ஆயின் அவ்வளவுதானா? 2009 இன் தொடக்கத்திற் பரந்தன்–முல்லைத்தீவு வீதிவழியே கிழக்கு நோக்கிப் பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு யாம் கற்பித்து வருகின்றோம். அப்பெற்றோர், ஏடும் எழுதுகோலுமாய் அயலார் வந்தமருங் கூட்டத்தில் வாய்திறவார். கூட்டங் கலைந்தபின் வேப்பமர நிழலிலே, காணி பற்றியும் காணாமற்போனோர் பற்றியும் ஆண்டும் திகதியும் பிறழாது உரைப்பர். முன்னையது நோயாயின், பின்னைய தெளிவு எங்ஙனம் வந்தது?

வள்ளுவர் 'அவையறிதல்' என்னும் அதிகாரத்தில், தகுதியில்லா அவையிற் பேசாமையை அறிவின்பாற் படுத்தினார். கேட்போர் யாவர் என எண்ணிச் சொல்லை அளத்தல் பிணியன்று. அஃது ஓர் அரசியற் கணிப்பு. இதனைக் காணாத ஆய்வு பிரசையை நோயாளியாக்கிவிடும். நோயாளிக்குச் சிகிச்சை அளித்தல் அமையும். பிரசைக்கோ விடை அளித்தல் வேண்டும்.

ஆதலின் இத்துறையிற் புகும் மாணவர், வினாக்கொத்தைக் கையிலெடுக்குமுன், 'இவர்கள் ஏன் பேசவில்லை?' என்பதோடு, 'என்னிடம் ஏன் பேசவில்லை?' என்பதையும் தம்மைத் தாமே வினவுவாராக. சோமசுந்தரம் இட்ட அடித்தளத்தின்மீது இனி எழவேண்டிய ஆய்வு அதுவேயாம்.