கவுச்சிக்கு ஒரு நாட்காட்டி

திருவண்ணாமலைப் பக்கத்தில் அசைவத்துக்கு வழக்குச் சொல் ‘கவுச்சி’. மீனின் வாடையைக் குறிக்கும் சொல்லே உணவுக்கும் பெயராகிவிட்டது. உணவை வாடையால் அழைக்கும் ஊரில் அந்த வாடையைக் கழுவித் தீர்க்கும் வேலை யாருடையது?

கிரிவலப் பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பது வேதனை தருவதாக 2023 ஆகஸ்டில் ஆளுநர் ஆர். என். ரவி சொன்னார். அதையொட்டி எழுந்த வாதங்களில் பக்தர்கள் இருந்தார்கள், கடைக்காரர்கள் இருந்தார்கள், உண்ணும் உரிமையும் இருந்தது. வீட்டு அடுப்படி மட்டும் இல்லை. 14 கிலோமீட்டர் பாதைக்குக் கேட்கப்படும் தடை, வீடுகளில் நெடுநாளாக அமலில் இருக்கிறது. அதை நிறைவேற்றும் அலுவலர் பெண்.

வெள்ளி, அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, புரட்டாசிச் சனி, தீபத் திருவிழாவின் பத்து நாள் என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவள் அவள். மீனுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. வியாழக்கிழமை மீன் வைத்தால் இரவுக்குள் சட்டி காலியாக வேண்டும், தரை துடைக்க வேண்டும். மறுநாள்தான் மீனில் புளியும் காரமும் இறங்கிக் குழம்பு ருசிக்கும் என்பார்கள். நடுத்துண்டெல்லாம் ஆண்கள் தட்டுக்குப் போனபின் அவளுக்கு மிஞ்சும் அந்தப் பழைய குழம்பையும் வெள்ளிக்கிழமை பறித்துக்கொள்கிறது.

அந்தக் குழம்பு எளிதில் வருவதல்ல. கடல்மீன் கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து ஐஸில் வர வேண்டும். இல்லாவிட்டால் சாத்தனூர் அணை மீன். செதில் சுரண்டி, குடல் நீக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலச வேண்டும். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, புளிக்கரைசல் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே மீனைப் போட வேண்டும். பிறகு கரண்டி போடக் கூடாது. சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். இந்த அறிவைக் ‘கைமணம்’ என்று பாராட்டுகிறோம். அதே கை சாயங்காலம் விளக்கேற்றப் போனால் ‘கவுச்சிக் கை’ ஆகிவிடுகிறது.

இதைச் சாமியின் கட்டளை என்று சொல்வதற்கில்லை. அறுபத்து மூவரில் ஒருவரான அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர். தினமும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். இறைச்சி படைத்த கண்ணப்பரும் அதே வரிசையில் நிற்கிறார். சைவம் நாயன்மாராக ஏற்ற மீனவரின் மீனை நம் சமையலறையில் தீட்டாக்குவது சாதி. உணவு வழியாகச் சாதித் தூய்மையைக் காக்கும் பொறுப்பு பெண்கள்மீது ஏற்றப்படுவதை மானுடவியலாளர் லீலா துபே எடுத்துக்காட்டியிருக்கிறார். மேல்சாதி வீடுகளோடு அது நிற்கவில்லை. மீன் தின்னும் சாதிகளும் அந்தத் தூய்மையைக் கிழமை கணக்கில் கடன் வாங்கியிருக்கின்றன.

வெள்ளிக்கிழமைதான் நிம்மதி, மீன் ஆயும் வேலை இல்லை என்று சொல்லும் பெண்கள் உண்டு. அந்த நிம்மதி உண்மையானது. ஆனால் ஓய்வு சாமியின் பெயரால்தான் கிடைக்கிறது என்றால், வீட்டிலுள்ள மனிதர்கள் அதைத் தரவில்லை என்றே பொருள்.

உண்ணும் உரிமையைப் பேசும்போது ஆயும், கழுவும் வேலையையும் சேர்த்துப் பேச வேண்டும். மாலை போடும் ஆண் ஒருவருக்காக வீடு முழுவதும் ஒரு மண்டலம் சைவமாகிறது. விடியலில் குளித்துச் சமைப்பவளோ மாலை போடாதவள். அந்த நாட்களில் அவர் தன் சமையலைத் தானே செய்யட்டும். அப்போதுதான் விரதம் அவருடையதாக இருக்கும்.