நாடாவின் இரைச்சலுக்குள் ஒரு குரல்

1983-இல் பாடகர் டேனியல் ஜான்ஸ்டனுக்கு வயது 22. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்தார். ஸ்டூடியோ கிடையாது, இசை நிறுவனம் கிடையாது. சாதாரண டேப் ரெக்கார்டர் ஒன்றும் சிறுவர் விளையாட்டு ஆர்கன் ஒன்றும் இருந்தன. அவற்றை வைத்து அவர் தானே பதிவுசெய்து வெளியிட்ட கேசட்தான் 'ஹாய், ஹவ் ஆர் யூ'. முடிவு பெறாத ஆல்பம் என்று அவரே அதற்குத் துணைப்பெயர் வைத்தார். நீண்ட காம்பில் கண்களை உயர்த்திப் பார்க்கும் தவளையை அட்டையில் அவரே வரைந்தார்.

ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது நாடாவின் இரைச்சல். அதன் மேல் ஆர்கன் கட்டைகள் தடதடக்கும். பிறகு, உடைந்துவிடுமோ என்று நாம் பதறும்படி மெல்லிய, உயர்ந்த குரல். சுருதி விலகுகிறது, தாளம் தடுமாறுகிறது. ஆனால் மெட்டு மட்டும் வழுவுவதே இல்லை. ஐஸ்கிரீம் உறையில் மாட்டுடன் நடக்கும் சிறுமியின் படம்கூட அவருக்குப் பாட்டாகிவிட்டது.

ஆஸ்டின் நகரில் மெக்டொனால்ட்ஸில் வேலை பார்த்துக்கொண்டே, எதிர்ப்பட்டவர்களின் கையில் எல்லாம் தன் கேசட்டுகளைக் கொடுத்தார். 1992-இல் ராக் பாடகர் கர்ட் கோபேன் அந்தத் தவளை அச்சிட்ட சட்டையோடு மேடையில் தோன்றினார். மறு ஆண்டே ஆஸ்டினில் ஓர் இசைத்தட்டுக் கடைச் சுவரில் தவளை ஓவியமானது.

ஜான்ஸ்டன் 2019-இல் மறைந்தார். பிசிறு நீக்கிய பதிவுகள் எத்தனையோ கேட்கிறோம். ஆனால் ஒரு மனிதர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடும் நெருக்கத்தை இந்தக் கேசட்தான் தருகிறது.