மேசையளவு எக்ஸ்ரே லேசர்: பலமும் எல்லையும்

ஹாம்பர்க் அருகே 2017-இல் இயங்கத் தொடங்கிய ஐரோப்பிய எக்ஸ்ரே லேசரின் நீளம் 3.4 கிலோமீட்டர். அதைக் கட்ட நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவானது. அங்கே ஓர் ஆய்வுக் குழுவுக்குச் சில நாள் அவகாசம்தான் கிடைக்கும். அதையும் போட்டியிட்டே பெற வேண்டும். அந்த நாட்களில் மாதிரி கெட்டுப்போனால் மறுபடி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான். சொந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய லேசர் வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இதில் இருக்கிறது.

அது நடக்கக்கூடியதே என்று 1994-இல் காட்டியவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹோர்ஹே ரோக்கா. சில மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஆர்கான் வாயுவை நிரப்பி, பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய துடிப்பாகப் பாய்ச்சினார். வாயு அயனியாகிப் பிளாஸ்மாவாகிறது; மின்னோட்டம் எழுப்பும் காந்தப்புலம் அந்தப் பிளாஸ்மாவைக் குழாய்ச் சுவரிலிருந்து விலக்கி, நடுவில் மெல்லிய இழையாக நெரிக்கிறது. ஆர்கான் அணுக்கள் எட்டு எலெக்ட்ரான்களை இழந்து, நியானைப்போல் பத்து எலெக்ட்ரான்களோடு நிற்கின்றன. அந்த அயனிகளிலிருந்து 46.9 நானோமீட்டர் அலைநீளத்தில் லேசர் புறப்படுகிறது. ஆடிகளுக்கிடையே பலமுறை ஓடிப் பெருக நேரமில்லை. இழையை ஒருமுறை கடப்பதற்குள் ஒளி பெருகியாக வேண்டும். அதற்குப் பத்தாண்டுக்கு முன் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் இதே வகை ஒளியை உண்டாக்க ஒரு பெரும் கூடத்தை அடைத்த லேசர் தேவைப்பட்டது. எனவே இது உண்மையான சாதனை.

ஆனால் புரதத்தின் அணு அமைப்பைப் பார்க்க 0.1 நானோமீட்டர் அளவிலான அலைநீளம் வேண்டும். 46.9 எங்கே, 0.1 எங்கே! அலைநீளத்தைப் பாதியாக்கினால், பிளாஸ்மாவுக்கு ஊட்ட வேண்டிய திறன் ஏறத்தாழ பதினாறு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது. இந்த இயற்பியல் தடையைப் பொறியியல் திறமையால் மட்டும் தாண்ட முடியாது. இயற்பியலாளர்கள் மர்னேன், காப்டெய்ன் தலைமையிலான குழு வேறு வழியில், லேசரின் உயர் சீரிசைகளை (அதன் அதிர்வெண்ணின் பன்மடங்குகளை) கொண்டு, 2012-இல் ஒரு நானோமீட்டருக்கும் கீழே போனது; ஆனால் அங்கே கிடைக்கும் ஒளித்துகள்கள் மிகக் குறைவு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் கட்டும் கச்சிதமான எக்ஸ்ரே லேசருக்கு 2023-இல் அறிவிக்கப்பட்ட அரசு நிதி சுமார் 9 கோடி டாலர். கச்சிதம் என்றால் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே மேசையளவு லேசர்களைப் பெரிய கருவியின் குட்டிப் பதிப்பாக விளம்பரப்படுத்துவது தவறு என்பேன். நானோ அமைப்புகளைப் படமெடுக்க, பரப்பைச் செதுக்க, சிப் தயாரிப்புக்கான ஒளியியலைச் சோதிக்க இவை சிறந்தவை. 13 நானோமீட்டர் லேசரைக்கொண்டு ரோக்கா குழுவின் நுண்ணோக்கி 38 நானோமீட்டருக்கும் நுண்ணிய விவரத்தைப் பிரித்துக் காட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர்கள் தவறு செய்து, கழற்றிப் பூட்டிக் கற்க இங்கேதான் வழியுண்டு.

இந்தூரின் ராஜா ராமண்ணா மையமும் 46.9 நானோமீட்டர் லேசரை உருவாக்கியிருக்கிறது. இத்துறையில் இறங்க விரும்பும் நம் பல்கலைக்கழகங்கள் எந்த அலைநீளம், துடிப்புக்கு எத்தனை ஒளித்துகள், நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற மூன்றையும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதட்டும். நிதி தருவோரும் அவற்றைக் கேட்டு வாங்கட்டும்.